கொம்பன் மட்டும்

வில்லிஸ்டன், வடக்கு டகோட்டா
ஆகஸ்ட் 18

ஆர்லின் அண்ணனுக்கு,

இனி போன் பண்ண மாட்டேன் என்று போன நவம்பரில் சொன்னவன் நான்தான். அதில் மாற்றமில்லை. கடிதத்தைப் பற்றி அன்றைக்கு நான் எதுவும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மேட்டு ஓக் மரங்களும் நம் சோயா வயலும் சேருகிற மூலையில் ஒரு கேமரா கட்டியிருக்கிறேன். எப்போது கட்டினாய் என்று சண்டைக்கு வராதே. ஜூலை முதல் வாரம் நீங்கள் எல்லோரும் சர்ச் பிக்னிக்குப் போயிருந்த மதியம் வந்தேன், கட்டினேன், திரும்பிவிட்டேன். வீட்டு வாசலை மிதிக்கவில்லை. காட்டில் நடக்க எனக்கும் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

இது புத்திசாலிக் கேமரா. மான் வந்து நின்றால் படம் எடுத்து, அதே நிமிடம் என் போனுக்கு அனுப்பிவிடும். ஜூலை முழுவதும் பாதிரியார் வந்துகொண்டிருந்தார். உனக்கு அவரைத் தெரியும். எல்லோருக்கும் ஆசி வழங்குவது போலத் தலையை ஆட்டி ஆட்டி நடக்கிற அந்தப் பெரிய கொம்பன் மான்தான். பொழுது சாயும் முன்பே வருவார், சோயாவைக் கடிப்பார், அவசரமே படாமல் போவார். வில் வேட்டைப் பருவத்தின் முதல் சனிக்கிழமை அந்த ஓக் மரத்துப் பரணில் உட்கார்ந்தால் போதும், வேலை முடிந்தது என்று இருந்தேன்.

இப்போது அவர் இருட்டிய பிறகுதான் வருகிறார். இளங்கொம்பன்களும் வயலில் தலையைத் தூக்கி ஒரே பக்கமாகப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. லென்ஸுக்கு முன்னால் புல் தரையோடு தரையாக மிதிபட்டுக் கிடக்கிறது. யாரோ தினமும் அங்கே நடக்கிறார்கள். நீயோ, உன் மருமகனோ, பக்கத்துப் பண்ணைக்காரனோ, யாராக இருந்தாலும் நான் சொன்னதாகச் சொல்லிவிடு. பருவம் தொடங்கும் நேரத்தில் தன் வாடையைக் காட்டில் விடக்கூடாது என்பது இந்தப் பள்ளத்தாக்கில் ஐந்து வயதுக் குழந்தைக்குத் தெரியும். அந்த ஆளுக்குக் கண்தான் தெரியவில்லை என்றால், மூளையும் இல்லையா? இடத்தையே நாறடித்துவிட்டான். இனி அந்தப் பக்கம் காலை வைக்க வேண்டாம் என்று சொல்.

ராய்ஸ்


வீடு
ஆகஸ்ட் 22

ராய்ஸ்,

கேமரா இருப்பதை நீ எழுதித்தான் நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. ஜூலைக் கடைசியிலேயே வேலியோரம் புல் வெட்டும்போது பார்த்துவிட்டேன். வாரை நீ முடிச்சுப் போடுகிற லட்சணம் எனக்குத் தெரியாதா? கழற்றி எறியத்தான் கை வைத்தேன். அப்பா விடவில்லை.

"கைய வைக்காதடா. வாசலை மிதிக்க மாட்டேன்னு போனவன் காட்டு வழியா வந்திருக்கான். இருக்கட்டும்" என்றார். பிறகு கேட்டார்: "இது படம் எடுத்தா அவன் எப்ப பார்ப்பான்?"

"அந்த நிமிஷமே பார்ப்பான், போன்ல" என்றேன்.

"வேலையில இருந்தா?"

"சோறு தின்னாம இருப்பான்ப்பா, அதைப் பார்க்காம இருக்க மாட்டான்."

அன்றிலிருந்து தினமும் மதியம் காபி குடித்ததும் தடியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். எண்பத்துமூன்று வயதில் அந்த மேட்டில் ஏறுவதென்றால் என்னவென்று உனக்குத் தெரியும். உன் அண்ணி ஜோலீன் கெஞ்சிப் பார்த்தாள், நான் திட்டிப் பார்த்தேன். கேட்கவில்லை. காட்டில் வாடை விடக்கூடாது என்று நம் காதைத் திருகிச் சொல்லித்தந்ததே அவர்தான். அவருக்கா தெரியாது? தெரிந்துதான் போனார். உன் போனுக்குள் போய் நிற்க வேறு வழி அவருக்கு இல்லை. நீ போனை எடுக்க மாட்டாய். எடுத்தாலும் போனில் வருகிற குரல் அவர் காதுக்கு வெறும் வண்டுச் சத்தம்.

போன வாரம் மேயரின் கொம்பைச் சுவரிலிருந்து இறக்கி, தோளில் சுமந்துகொண்டு போனார். இரண்டு இலையுதிர் காலம் நீ அம்பு விடாமல் வளரவிட்ட உன் மான் அது. போன நவம்பரில் பனி மூட்டத்தில் வேறொன்று என்று நினைத்து அப்பா சுட்டுவிட்டார். தப்புதான். அதற்கு நீ வேட்டைக் குடிசையில் அத்தனை பேருக்கு முன்னால் என்ன சொன்னாய்? "கண்ணு தெரியாத கிழவன் கையில துப்பாக்கி எதுக்கு? புடுங்கி வைங்கடா" என்றாய். யாரும் பிடுங்கவில்லை. அவரே தோட்டாக்களை எடுத்து மேசைமேல் வைத்தார். அதற்குப் பிறகு அவர் துப்பாக்கியைத் தொடவே இல்லை.

வாழ்நாளில் யாரிடமும் மன்னிப்புக் கேட்டறியாத மனுஷன், அந்தக் கொம்பை உன் கேமராவுக்கு முன்னால் தூக்கிக் காட்டிவிட்டு வந்தார். அதற்கு நீ எழுதுகிற பதில், நாறடித்துவிட்டான் என்பதா?

உன் கடிதம் வந்தபோது அவர் சாப்பாட்டு மேசையில் இருந்தார். "என்ன எழுதியிருக்கான்? படி" என்றார். படித்தேன். ஒரு வார்த்தை விடாமல், அவர் காதில் விழுகிற மாதிரி சத்தமாகப் படித்தேன். கேட்டார். தட்டை எடுத்துப்போய்த் தொட்டியில் வைத்தார். "சரி, சொல்லிட்டான்ல" என்றார்.

நேற்றும் இன்றும் அவர் போகவில்லை. இனி போகவும் மாட்டார். உன் காடு சுத்தமாகிவிட்டது. சந்தோஷமாக இரு.

ஆர்லின்


வில்லிஸ்டன்
ஆகஸ்ட் 26

அண்ணா,

உன் கடிதத்தை லாரிக்குள் உட்கார்ந்து படித்தேன். முதலில் நீ கதை கட்டுகிறாய் என்று நினைத்தேன். கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லி அதைக் கசக்கிக்கூடப் போட்டேன். அப்பா அங்கே நின்றிருந்தால் எனக்குப் படம் வந்திருக்க வேண்டுமே?

பிறகு போனை எடுத்து நோண்டினேன். கேமராவைக் கட்டிய முதல் வாரம் அது என்னைத் தூங்கவிடவில்லை. அணில் அளவில் எது போனாலும் மணி அடித்தது. காற்றில் புல் ஆடினால் மணி. இங்கே நான் வேலை பார்க்கிற எண்ணெய்க் கிணற்றில் மேஸ்திரி "அந்தச் சனியனை அணைச்சுத் தொலைடா" என்று கத்தினார். அதில் சல்லடை மாதிரி ஒன்று இருக்கிறது. எது வேண்டும் என்று அதுவே கேட்டது. கொம்பன் மட்டும் என்று அழுத்தினேன். மற்றதை அது படமே எடுக்காது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி இல்லை. எல்லாவற்றையும் எடுத்து, பெட்டை மானை ஒரு பெட்டியில், கரடியை ஒரு பெட்டியில், மனுஷனை இன்னொரு பெட்டியில் என்று பிரித்துப் போட்டு, என்னிடம் சொல்லாமல் வைத்திருக்கிறது.

மனுஷர் பெட்டியைத் திறந்தேன். அண்ணா, அது முழுக்க அப்பா.

முதல் படத்தில் தோள் மட்டும்தான் இருக்கிறது. எவ்வளவு தூரத்தில் நிற்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அடுத்தடுத்த நாளில் பின்னால் தள்ளி நிற்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். தொப்பியைக் கழற்றித் தலையை வாரியிருக்கிறார். ஆகஸ்ட் வெயிலில் அந்தப் பழுப்பு ஞாயிற்றுக்கிழமைக் கோட்டை ஏன் போட்டுக்கொண்டு போனார்? ஒரு நாள் மடக்கு நாற்காலி கொண்டுவந்து உட்கார்ந்திருக்கிறார். சில படங்களில் வாய் திறந்திருக்கிறது. என்னமோ பேசியிருக்கிறார். இந்தக் கேமராவுக்குக் காது கிடையாது. என்ன பேசினார் என்று உனக்குத் தெரியுமா?

கொம்போடு நிற்கிற படங்கள்தான் அதிகம். எது அசைந்தாலும் எடுக்கும் என்பதால், அவர் கொம்பைத் தூக்கத் தூக்க எடுத்துத் தள்ளியிருக்கிறது. கொம்பு முகத்தை மறைக்கிறது. ஒன்றில் மட்டும் முகம் தெரிகிறது. அதைப் பார்த்துவிட்டு என்னால் வண்டியைக் கிளப்ப முடியவில்லை.

நேற்று வீட்டுக்குப் போன் பண்ணினேன். ஆமாம், நானேதான். அவர்தான் எடுத்தார். "அப்பா" என்று கத்தினேன். "யாரு? ஒண்ணும் கேக்கலை" என்று வைத்துவிட்டார். அதனால் இதைக் கடிதமாகவே எழுதுகிறேன். முதல் கடிதத்தைப் படித்த மாதிரியே இதையும் அவருக்குச் சத்தமாகப் படி. இங்கிருந்து படி:

அப்பா, நீங்கள் அங்கே நின்றது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. கேமரா உங்களை எனக்குக் காட்டவில்லை. அந்தக் கடிதத்தில் எழுதியது உங்களைப் பற்றி இல்லை. குடிசையில் சொன்னது உங்களைப் பற்றித்தான், அதைச் சொன்ன அன்றைக்கே வாயில் மண் விழுந்திருக்கலாம் என்று தோன்றியது. வீம்பில் திரும்பி வராமல் இருந்துவிட்டேன். மேயர் போனால் போகிறான். என்னை மன்னித்துவிடுங்கள்.

ராய்ஸ்


வீடு
ஆகஸ்ட் 30

ராய்ஸ்,

படித்தேன். இரண்டு முறை படிக்கச் சொன்னார், இரண்டு முறையும் படித்தேன்.

நம்பவில்லை.

"நல்லா எழுதறான்" என்றார். நான் கேமராவின் சல்லடையைப் பற்றி எனக்குப் புரிந்த அளவுக்கு விளக்கினேன். கேட்டுவிட்டு, "மானைக் காட்டுமாம், பெத்த அப்பனைக் காட்டாதாம். அப்படி ஒரு கேமராவை எவன்டா செய்வான்?" என்றார். நியாயமாகத்தானே கேட்கிறார். நானே உன் கடிதத்தை மூன்றாம் முறை படித்த பிறகுதான் நம்பினேன்.

ஜோலீன் தன் போனில் எதையோ தேடி எடுத்துக் காட்டப் பார்த்தாள். அவர் கண்ணுக்கு இப்போது நேரே பார்த்தால் நடுவில் கறுப்பு, ஓரம்தான் கொஞ்சம் தெரிகிறது. போனை முகத்துக்கு நேரே பிடித்தால் ஒன்றுமே தெரியாது. "எனக்கு எதுக்கு இதெல்லாம்? மூஞ்சியப் பார்க்கப் புடிக்கலைன்னா புடிக்கலைன்னு சொல்லட்டும். பொய் எதுக்கு? நான் அவனுக்குப் பொய் சொல்லிக் குடுக்கலியே" என்றார்.

நீ வராததோ, குடிசையில் பேசியதோ அவருக்கு இப்போது பெரிதில்லை. பார்த்துவிட்டுப் பார்க்கவில்லை என்கிறாய், அதுதான் அவரைக் குடைகிறது.

என்ன பேசினார் என்று கேட்டிருந்தாய். கேட்டுப் பார்த்தேன். "மாடு வித்ததைச் சொன்னேன், மழை இல்லாததைச் சொன்னேன்" என்றார். அவ்வளவுதான் என்றார்.

உன் முதல் கடிதத்தை அவரிடம் நான் படித்திருக்கக் கூடாது. உன்மேல் இருந்த கோபத்தில் அவர் தலையில் கல்லைப் போட்டேன். மக்காச்சோளம் அறுத்துக்கொண்டிருக்கிறோம், நாள் முழுக்க டிராக்டரில் உட்கார்ந்து இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆர்லின்


வில்லிஸ்டன்
செப்டம்பர் 3

அண்ணா,

நீ படித்தது ஒரு பக்கம் இருக்கட்டும், எழுதியவன் நான்.

சல்லடையை மாற்றிவிட்டேன். இப்போது மனுஷர் வந்தால் மட்டும்தான் மணி அடிக்கும். அடிக்கவே இல்லை. சும்மா இருக்க முடியாமல் கொம்பன் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பாதிரியார் பட்டப்பகலில் வந்து நிற்கிறார். பருவம் வந்துவிட்டது, கொம்பின் மேல்தோல் உரிந்து தொங்குகிறது. மிதிபட்ட புல்கூட நிமிர்ந்துவிட்டது. நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. போன மாதம் இந்தப் படம் வந்திருந்தால் மேஸ்திரியைக் கட்டிப்பிடித்து ஆடியிருப்பேன். இப்போது பார்க்கவே பயமாக இருக்கிறது. மான் இவ்வளவு தைரியமாக வருகிறது என்றால் அவர் வாசலைத் தாண்டுவதே இல்லை என்றுதானே அர்த்தம்?

எனக்கு ஒரு யோசனை. ஞாயிறு சர்ச் முடிந்ததும் அப்பாவை எப்படியாவது அங்கே கூட்டிப்போ. உன் போனைக் கையில் வைத்துக்கொள். உன் எண்ணை அடைத்து வைத்திருந்தேன், திறந்துவிட்டேன். அவர் என்ன போட்டிருக்கிறார், கையில் என்ன இருக்கிறது என்று எனக்கு முன்கூட்டிச் சொல்லாதே. அவர் கேமரா முன்னால் நின்றதும் உன்னை நான் கூப்பிடுவேன். அவர் சட்டை என்ன நிறம், கையில் என்ன என்று சொல்வேன். நீ அதை அவர் காதில் கத்து. மனுஷனைக் காட்டச் சொன்னால் காட்டும், காட்டாதே என்றால் காட்டாது, எல்லாம் அழுத்துகிற பித்தானில் இருக்கிறது என்று அவருக்கு அப்போதாவது புரியும். நான் பொய் சொல்லவில்லை என்று தெரியும்.

வில் பருவம் தொடங்குகிற சனிக்கிழமைக்கு லீவு வாங்கிவிட்டேன். ஆனால் அவர் என்னை நம்பாமலே இருந்தால், எந்த முகத்தோடு வருவது?

ராய்ஸ்


வீடு
செப்டம்பர் 8

ராய்ஸ்,

நேற்று போனில் நீ குதித்ததைக் கேட்டேன். "ஜெயிச்சாச்சு அண்ணா!" என்றாய். நான் ஏன் சட்டென்று வைத்துவிட்டேன் என்று யோசித்திருப்பாய். அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அதற்குப் பிறகு நடந்ததைப் போனில் சொன்னால் பாதியில் குறுக்கே விழுவாய். கடிதத்தில்தான் நீ கடைசிவரை கேட்கிறாய், அதனால் எழுதுகிறேன்.

அவரைக் கிளப்பவே பாடு போதும் போதும் என்றாகிவிட்டது. "அவன் இடம் நாறும்டா" என்று குத்திக்கொண்டே வந்தார். மூன்று இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். நின்றதும் நீ கூப்பிட்டாய். நீ சொன்னதை அப்படியே அவர் காதில் கத்தினேன்: "பச்சைக் கட்டம் போட்ட சட்டை! பித்தான் ஒண்ணு மாறிப் போட்டிருக்கீங்களாம்! இடது கையில தடி, வலது கையில அம்மாவோட பிளாஸ்க்!"

அவர் கையால் பித்தானைத் தடவிப் பார்த்தார். மாறித்தான் இருந்தது. அதைக் கழற்றிச் சரியாகப் போட்டார். கேமரா பக்கம் முகத்தைத் திருப்பிக் கொஞ்ச நேரம் நின்றார். நீ அதைப் பார்த்திருப்பாய்.

திரும்பும் வழியில் அவர் குத்திப் பேசவே இல்லை. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, நம்பிவிட்டார் என்று நினைத்தேன். சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னார்: "பித்தான் மாறினதுகூடத் தெரியுது அவனுக்கு."

"ஆமாப்பா. அதைத்தானே சொல்றோம்."

"அப்ப அன்னைக்கும் தெரிஞ்சிருக்கும்."

இல்லைப்பா, கேமராவில் அப்போது அவன் அழுத்தியது வேறு பித்தான், இப்போது வேறு பித்தான் என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "அவ்வளவு தெளிவாத் தெரியற கேமராவுல அவ்வளவு பெரிய கொம்பு தெரியாமப் போச்சாக்கும். விடுடா. நான் அவனைக் குறை சொல்லலை. என் கோபத்துக்கு நான் எங்கப்பாகூட ரெண்டு வருஷம் பேசலை. வரச் சொல்லு. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

பார், நிரூபிக்கப் போய் நீயே உன்மேல் குற்றத்தை உறுதி பண்ணிக்கொண்டாய். நானும் உனக்குக் கூட்டு. ஆனால் அவர் உன்னை மன்னித்துவிட்டார், நீ செய்யாததற்காக. நீ செய்ததைப் பற்றி, அதுதான் குடிசையில் பேசியதைப் பற்றி, பேச்சே எடுக்கவில்லை.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வந்தால் வாதாடாதே. போனைத் தூக்கிக்கொண்டு பெட்டி, சல்லடை என்று பாடம் நடத்தாதே. அவருக்கு மிச்சம் இருக்கிற தெம்பு கொஞ்சம். அதை உன்னோடு வழக்காடிச் செலவழிக்க விடாதே. உனக்கு இது அநியாயம் என்று எனக்குத் தெரியும்.

ஆர்லின்


வில்லிஸ்டன்
செப்டம்பர் 16

அண்ணா,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். ஜோலீன் அண்ணி கட்டித் தந்த மான் சாசேஜ் பாதி வழியிலேயே காலி.

சனிக்கிழமை விடியற்காலையில் நானும் அப்பாவும் ஓக் மரத்துப் பக்கம் போனது உனக்குத் தெரியும். திரும்பி வந்தபோது என்ன நடந்தது என்று நீ கேட்டாய். "ஒண்ணும் இல்ல, மான் வரலை" என்றேன். மான் வந்தது. அதை இங்கே வந்த பிறகுதான் எழுத முடிகிறது.

அவரால் பரணில் ஏற முடியாது. அதனால் நானும் ஏறவில்லை. மரத்தடியில் இரண்டு பேரும் தோளோடு தோள் உட்கார்ந்தோம். காற்று எங்கள் வாடையை முதுகிலிருந்து வயலுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது, இரண்டு பேருக்கும் அது தெரியும், இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பாதிரியார் வந்தார். வயலின் அந்தப் பக்க விளிம்பில் நின்று மூக்கை உயர்த்தி மோந்து பார்த்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். "நின்னான்ல?" என்று கேட்டார் அப்பா. "நின்னான்ப்பா, போயிட்டான்" என்றேன். வில் மடியிலேயே கிடந்தது.

அவர் ஒன்றும் கேட்க மாட்டேன் என்றதாக எழுதியிருந்தாய். கேட்டார்.

"அன்னைக்குக் கொம்பைத் தூக்கிக் காட்டினேன்ல. பார்த்தியா?"

வரும் வழி முழுக்க நான் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன், அண்ணா. போனில் அந்தப் பெட்டியை எப்படித் திறந்து காட்டுவது, படம் வந்த தேதியையும் நான் திறந்த தேதியையும் எப்படிப் படித்துச் சொல்வது என்று. நீ வேண்டாம் என்று எழுதியும், கடைசியாக ஒரு தடவை சொல்லிப் பார்க்கலாம் என்றுதான் இருந்தேன். கேட்டபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. ஓரக்கண்ணால் என் முகம் தெரிய வேண்டும் என்று வயல் பக்கம் திரும்பியிருந்தார்.

"பார்த்தேன்ப்பா" என்றேன்.

"அப்ப ஏன் வரலை?"

"கோபம்ப்பா."

"அவ்வளவு கோபமா?"

"அவ்வளவு கோபம்."

அவர் தடியை மரத்தின்மேல் சாய்த்து வைத்தார். பிறகு, "இப்பதான்டா உண்மையைப் பேசறே" என்று என் தோளில் கையைப் போட்டார். நான் எத்தனை வயதில் கடைசியாக அந்தக் கையைத் தோளில் வாங்கினேன் என்று நினைவில்லை. அந்தக் கையை இறக்கிவிடுவாரோ என்ற பயத்தில் நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. நான் பார்க்கவில்லை என்பதுதான் நிஜம். ஆனால் கொம்பன் மட்டும் போதும் என்று அழுத்திய விரல் என்னுடையது. மானைத் தவிர யாராவது அந்த மேட்டில் எனக்காக வந்து நிற்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதனால் எங்கே அவர் சொல்வது தப்பு, எங்கே நான் சொல்வது சரி என்று இப்போது எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு நாள் நல்ல மனநிலையில் அவரோடு உட்கார்ந்திருக்கும்போது, தம்பி நிஜமாகவே பார்க்கவில்லை அப்பா என்று சொல்லிவிடலாம் என்று உனக்குத் தோன்றும். உன் மனசு எனக்குத் தெரியும். சொல்லிவிடாதே, அண்ணா.

ராய்ஸ்